தலைப்பு இல்லாத சாலை

நின்றுவிட்டது. அவ்வளவு நீள வண்டி பொசுக்கென்று நிற்காது. முன்னால் இழுக்கிற புல்லர் நின்று, அதன் முதுகில் கோத்த டிரெய்லர் நின்று, டிரெய்லர்மேல் கட்டிக் கிடந்த காற்றாலை றெக்கை ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் தெருக்கோடியில் யாரோ வீட்டு ஓட்டுக்கு மேலே நுனி மட்டும் நடுங்கிக்கொண்டிருக்க, நின்றது. வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைந்துவிட்டால் அவர் எப்போதும் நடைதான். சொந்த வண்டியின் கேபினில் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்குகிற சத்தத்தைக் கேட்க அவருக்கு ஆகாது. அடிவயிற்றில் யாரோ காலை வைத்து மிதிக்கிற மாதிரி இருக்கும். அதனால் முன்னால் நடப்பார், குழியைப் பார்ப்பார், கையைக் காட்டுவார், டிரைவர் இருசப்பன் வண்டியை அதற்குத் தக்கபடி ஒடிப்பான். சங்ககிரியிலிருந்து கிளம்பி, துறைமுகத்தில் றெக்கையை ஏற்றி, நாலு வழிச் சாலையில் அரசனைப் போல வந்து, கடைசியில் இந்த ஊராட்சித் தெருவில், மலையடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நடுரோட்டில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். கோபம் உடனே வரவில்லை. முதலில் பசிதான் வந்தது, காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது, அப்புறம் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தார், அப்புறம்தான் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பது அனுமதியில் இருக்கிற நிபந்தனை. மலையடியில் கிரேன் நிற்கிறது. கிரேன் நின்றாலும் வாடகை, தூக்கினாலும் வாடகை. இதெல்லாம் இந்தப் பொம்பளைக்குத் தெரியுமா? ஆடிக் காற்று அடிக்கிறது, வண்டி நிற்க நிற்க றெக்கை காற்றைத் தின்னும், அது தெரியுமா இவளுக்கு?

“ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் ஒதுங்குங்க, பெரிய வண்டி வருது பாருங்” என்றார், குரலில் சீனியைப் போட்டுக்கொண்டு. அவள் நகரவில்லை. நாற்பதைத் தாண்டியவள், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, வீட்டு வேலையின் நடுவில் எழுந்து வந்தவள் போலிருந்தாள். “தெரியுது. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்” என்றாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். அங்கே ரோடு சட்டிபோல அமுங்கியிருந்தது. “இதுக்கு அடியில குழாய் போவுது. போவுதுன்னு இல்ல, போச்சு. போன வருசம் ஆடிக் காத்துக்கு இந்த மாதிரி ஒரு வண்டி வந்துச்சு, இந்த மாதிரி ஒரு றெக்கை, டொப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்னையிலிருந்து மேலத் தெருவுக்குத் தண்ணி கெடையாது. பஞ்சாயத்துல சொன்னோம், யூனியன்ல சொன்னோம். தோட்டத்துப் பம்புசெட்டுல போயித்தான் சொமந்துக்கிட்டு வாரோம். எங்க மதினி இந்தக் குழியில குடத்தோட விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா.” அது நம்ம வண்டி இல்லீங்க, அது வேற ஆளோடது என்று அவர் சொன்னார். உண்மையும் அதுதான், போன வருஷம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை. “எல்லா வண்டிக்கும் ஒரே சக்கரந்தான்” என்றாள் அவள். “சரி, நீரு சொல்லும். இம்புட்டுப் பெரிய வண்டி வச்சிருக்கீரே, சர்க்காருக்குத் துட்டு கெட்டுனீரா, கெட்டலையா?” கட்டாமல் எப்படி ஓட்ட முடியும், எல்லாம் கட்டியாச்சு என்றார். “யாருட்டக் கெட்டுனீரு? அந்த ஆள இங்கன வரச் சொல்லும். வந்து குழாயப் போட்டதும் நான் எந்திரிக்கேன்.”

யாரிடம் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வண்டிப் பக்கம் திரும்பி நடந்தார். யாரிடம் கட்டினேன் என்று கேட்கிறாள், என்னிடம், இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அலைகிறவனிடம். புல்லருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்கு ஒரு பதிவு, அதற்கு ஒரு கட்டணம், இதற்கு ஒரு கட்டணம். டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, தானாக ஒரு விரற்கடை நகரத் தெரியாத சாமான் அது, ஆனால் அதற்கும் நம்பர் பலகை உண்டு, தகுதிச் சான்று உண்டு, நகர்ந்தாலும் நகராவிட்டாலும் வரி உண்டு. புதிதாக வாங்கிய அன்று பதிவுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் அதன் இரும்பில் சாவிக்கொத்தால் டிங் டிங் என்று தட்டிப் பார்த்தார், தர்ப்பூசணியைத் தட்டுகிற மாதிரி. என்னத்தைக் கேட்டாரோ, சரி என்றார். அப்புறம் அளவுக்கு மீறின நீளத்துக்குத் தனி அனுமதி, அதற்குப் பணம். வழியில் மின்கம்பியில் கரண்ட்டை நிறுத்த மின்வாரியத்துக்குப் பணம். பாலத்தைத் தாண்ட ஒரு கடிதம், கடிதத்துக்குப் பணம். சுங்கச் சாவடியில் பணம். கொடுப்பதற்கு அவர் அழுததில்லை. வண்டி ரோட்டைத் தேய்க்கிறது, தேய்க்கிறவன் கொடுக்கத்தான் வேண்டும், அதில் அவருக்கு வழக்கே இல்லை. ஆனால் கொடுத்தது எங்கே என்று ஒருநாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆளிடம் கேட்டபோது, அந்த ஆள் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல நிமிர்ந்து பார்த்தார். “கருவூலத்துக்குப் போகுதுங்க. அடுத்த ஆள்.” அடுத்த ஆள் செங்கோடனின் தோளுக்கு மேலே கையை நீட்டிவிட்டான். அந்தக் கை இன்னும் தோளில் உரசுகிறது. அடுத்த ஆள், அடுத்த ஆள். எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோருக்கும் அவசரம்.

“ஓனரே, ஆஃப் பண்ணட்டா?” என்று இருசப்பன் கேபினிலிருந்து தலையை நீட்டினான். வேண்டாம், காற்றுப் பிரேக் இறங்கிவிடும், ஓடட்டும் என்றார். தெருவில் மரமே இல்லை. அதனால் றெக்கையின் நிழல் விழுந்த இடமெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாலு பேர் சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் முறத்தோடு வந்து டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு உளுந்து புடைத்தாள். என் வண்டி, என் வாடகை, என் நிழல், என்று நினைத்தார், நினைத்ததும் தன் புத்தி போகிற போக்கைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது. குப்பென்று ஒரு காற்று அடித்தது. றெக்கை முனகியது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு முழுக்கக் கூசியது. போன ஆடியில் வேறொரு மாவட்டத்தில் ஒரு வளைவில் இப்படித்தான் முனகி, கட்டு தளர்ந்து, பள்ளிக்கூடச் சுவரை வாலால் வழித்துக்கொண்டு போனது, விடுமுறை நாள், யாரும் இல்லை, யாரும் இல்லை என்று அவரே தனக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று, ஆனாலும் கண்ணை மூடினால் அந்தச் சுவரோரம் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு பின்பக்கம்வரை போனார். போன் அடித்தது. மனைவி மரகதம். “சாப்புட்டீங்களா?” “ம்.” “மாத்திரை?” “ம்.” “பொய் சொல்றீங்க. குரல்லயே தெரியுது. என்ன, மறுபடியும் யார்கிட்டயாவது சண்டையா?” இல்லை என்றார். சண்டை போட ஆள் கிடைத்தால்தானே சண்டை. அந்தக் குடத்தில் உட்கார்ந்திருக்கிறவளைத் திட்டலாம். ஆனால் திட்ட வாய் வராது. ஏனென்றால் அவள் சொல்வது ஒவ்வொன்றும் இவர் சொல்ல வேண்டியது. அதுதான் பொறுக்கவில்லை.

தலைப்பு. அந்தச் சொல்தான் முள்ளாகச் சிக்கியிருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வுபெறப் போகிற ஒரு பொறியாளர், நல்ல மனிதர், ஒரு டீக்கடையில் வைத்துச் சொன்னார். “நீங்க கட்டற பதிவுக் கட்டணம், வரி எல்லாம் ஒரே தொட்டியில விழுது செங்கோடன். அங்கிருந்து சம்பளம், வட்டி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரோடுன்னு பிரியுது. ரோட்டுலயும் பெரிய ரோட்டுக்குச் செலவுக் கணக்குல ஒரு தலைப்பு, மாவட்ட ரோட்டுக்கு ஒரு தலைப்பு. நீங்க காத்தாலைக்குக் கடைசியா போறீங்களே ஒரு சந்து, அது ஊராட்சியோடது. அதுக்கும் உங்க டிரெய்லருக்கும் கணக்குல சம்பந்தமே கிடையாது. உங்க வண்டிய நினைச்சு அந்த ரோட்டுக்கு ஒதுக்கறதுக்குத் தலைப்பே இல்லை.” அன்றைக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. தலைப்பு என்றால் செங்கோடனுக்குத் தெரிந்தது சேலைத் தலைப்பு. முகூர்த்தப் புடவையில் தலைப்புக்குத்தான் சரிகை, உடம்பு சாதாரணமாக இருந்தாலும் தலைப்பு மின்ன வேண்டும் என்பாள் மரகதம். நாலு வழிச் சாலை தலைப்பு. மின்னுகிறது, ஓரத்தில் அரளிப்பூ வைத்திருக்கிறார்கள். இந்தச் சந்து உடம்பு. கிழிந்து கிடக்கிறது. காற்றாலை எதுவும் நாலு வழிச் சாலையோரம் நிற்பதில்லை. எல்லாம் இப்படி ஒரு சந்தின் கடைசியில்தான். அப்படியென்றால் என் டிரெய்லர் உண்மையில் தேய்க்கிற ரோடு எதுவோ அதற்கு மட்டும் என் பணத்தில் ஒரு சல்லி கிடையாது. இதை யோசித்தவன் யார்? யாருமே யோசிக்கவில்லை, அதுதான் விஷயம். யோசித்துச் செய்த அநியாயம் என்றால் சட்டையைப் பிடிக்கலாம்.

ஊராட்சிச் செயலர் பைக்கில் வந்து இறங்கினார். இசக்கிராஜ் என்று பெயர், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். “முப்பிடாதி அக்கா, எந்திரிங்க. நான் சொல்லுதேன்லா, எழுதிப் போட்டிருக்கு, வரும்” என்றார். “எழுதிப் போட்டு ஒரு வருசம் ஆவுது. நீ எழுதுன பேனாவே மக்கிப் போயிருக்கும்” என்றாள் அவள். முப்பிடாதி. பெயர் தெரிந்ததும் அவளை ‘அந்தப் பொம்பளை’ என்று மனசுக்குள் வைவது செங்கோடனுக்குக் கொஞ்சம் கடினமாகிவிட்டது. இசக்கிராஜ் அவரைத் தனியாகக் கூட்டிப்போய், “அண்ணாச்சி, நான் எஸ்.ஐ.க்குச் சொல்லிட்டேன். அவங்க வந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க, எனக்கும் இங்கன குடியிருக்கணும்” என்றார். சொன்னபடியே ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கி நேராக செங்கோடனிடம் வந்து அனுமதிக் காகிதங்களை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு ரசீதாகப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் ஒரு மரியாதை ஏறிக்கொண்டே போனது. “எல்லாம் பக்காவா வச்சிருக்கீங்க. சட்டப்படி உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல. நீங்க வண்டியில ஏறுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்.” இரண்டு பெண் போலீஸார் முப்பிடாதியின் இரண்டு பக்கமும் போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவள் கத்தவில்லை, உடம்பைக் கனமாக்கிக்கொண்டாள். குடம் உருண்டு குழிக்குள் விழுந்தது. ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. சீட்டாடியவர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் ஓரடி முன்னால் வைக்கவில்லை. கொடுத்த பணம் எங்கே போகிறது, எங்கே போகிறது என்று இத்தனை வருஷம் கேட்டாயே, இதோ பார், என்றது அவருக்குள் ஒன்று. இதோ வந்திருக்கிறது. நீ கட்டியதெல்லாம் ஜீப்பாகி, ஜீப்புக்கு டீசலாகி, காக்கிச் சட்டையாகி, உன் ரசீதுக்கு மரியாதை கொடுக்க இந்தச் சந்துவரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குழாய்க்குத்தான் வழி தெரியவில்லை. இதற்கு மட்டும் எப்படித் தெரிந்தது? “விடுங்க அந்தம்மாவ!” என்று கத்தியது தன் குரல்தான் என்பது கத்தி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கேபினில் தொற்றி ஏறி, இருசப்பனின் மடிக்கு மேலாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. எஞ்சின் ஓய்ந்தது. “ஓனரே” என்றான் இருசப்பன், பயந்துபோய். “வண்டி நகராது” என்றார் செங்கோடன். “அவங்கள இழுத்துப் போட்டுட்டு நான் போக மாட்டேன். குழாயப் போடுங்க. அப்பறம் எடுக்கறேன்.”

எஸ்.ஐ.யின் முகத்திலிருந்த மரியாதை வடிந்துவிட்டது. “ஓய், என்ன விளையாடுதீரா? இப்பம் வழிய மறிக்கது நீருதான். உம்ம பேர்லதான் கேஸ் போடணும்” என்றார். செங்கோடன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். என்ன செய்துவிட்டேன்? வண்டிமேல் கடன் இருக்கிறது, காற்றாலைக் கம்பெனி இனி கூப்பிடுமா, ஊரில் போய் மரகதத்திடம் என்ன சொல்வது, ஒரு குடத்துக்காக என்றா, ஒரு செருப்புக்காக என்றா. அதைவிடப் பெரிய கூத்து, பெண் போலீஸார் விட்டதும் முப்பிடாதி நேராக அவரிடம் வந்து, நன்றி சொல்லப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, “நீரும் மறிச்சுக்கிட்டா பால் வண்டி எப்படி வரும்? பள்ளிக்கூடத்துப் பஸ் எப்படி வரும்? ஒரு ஓரமா மறிக்கத் தெரியாதா உமக்கு?” என்று வைதாள். ஓரமாக மறிக்கிற அளவுக்கா இருக்கிறது வண்டி! “நீங்க மட்டும் நட்டநடுவுல உக்காரலாமா?” என்று அவரும் கத்தினார். “நான் ஒதுங்குனா பஸ்சு போவும். நீரு ஒதுங்க முடியுமா?” சீட்டாடியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, குழியிலிருந்து குடத்தை எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில் கவிழ்த்து மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு வருஷமாக வராதவர்கள் அப்புறம் வந்தார்கள். யூனியனிலிருந்து ஒரு இளம் பொறியாளர், கையில் கோப்போடு. கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை. பாவம், படித்த களை, மரியாதையான பேச்சு. குழியை எட்டிப் பார்த்தான், உச்சுக்கொட்டினான். “சார், எனக்குப் புரியுது. ஒரு சின்ன துண்டுக் குழாய்தான். ஆனா இந்த வருஷத்துல இதுக்குத் தலைப்பு இல்ல.” அந்தச் சொல் காதில் விழுந்ததும் செங்கோடனின் மண்டைக்குள் ஏதோ நெறுநெறுவென்றது. “இப்படிப் பண்ணலாம் சார். வாகனத்தால ஏற்பட்ட சேதம்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, உங்ககிட்டயே வசூல் பண்ணி இன்னைக்கே போட்ருவோம். அதுக்கு விதி இருக்கு.” அதாவது கட்டினது போக, கட்டினதற்கு வரி கட்டினது போக, இன்னும் ஒருதரம். அதற்கு மட்டும் விதி இருக்கிறது. வாங்குவதற்கு எப்போதும் விதி இருக்கிறது. ஆனால் மேற்கே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, றெக்கையின் நிழல் நீண்டு எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது, கிரேன்காரன் நாலு தடவை கூப்பிட்டுவிட்டான், காற்று வலுக்கிறது. தொலையட்டும். தலையைச் சுற்றிப் போட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் சட்டைப்பையில் கையை விட்டுப் பேனாவைத் தேடினார்.

“வேண்டாம்” என்றாள் முப்பிடாதி. உட்கார்ந்தபடியே சொன்னாள், ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். “அவரு எதுக்குக் குடுக்கணும்? அவரு குடுத்தாச்சு. ஆபீசுல வாங்கிப் போட்டுக்கிட்டு, இங்கன வந்தும் மடியில கைய விடுதீங்களே. இன்னைக்கு இவரு குடுத்துட்டுப் போயிருவாரு. நாளைக்கு இன்னொரு வண்டி வந்து ஒடைக்கும். அப்பம் நான் யாருட்டப் போயிக் கையேந்த? போற வார லாரிக்காரன்ட்ட எல்லாம் தண்ணிக் குழாய்க்குப் பிச்சை கேக்கவா? இது ஊர்க் குழாய். சர்க்கார்தான் போடணும்.” செங்கோடனுக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இருந்த ஒரே கதவையும் சாத்துகிறாளே. “நீங்க சும்மா இருங்கம்மா, குடுக்கறவன் நானு, உங்களுக்கென்ன?” “உம்ம துட்டு எனக்கு எதுக்கு?” என்றாள். “நீரு முன்னாடி கெட்டுனீர்லா, அந்தத் துட்டு எனக்கு வேணும். அது எங்க ரோட்டத் தேய்க்கதுக்குக் கெட்டுனதுதான? அது எனக்குள்ளது.” பேனா அவர் கையிலேயே நின்றது. அது எனக்குள்ளது. எத்தனை பேரிடம் எத்தனை விதமாகப் புலம்பியிருக்கிறார் அவர், அது என் பணம், என் பணம் என்று. என் பணம் என்று சொன்னதால்தான் பதில் கிடைக்கவில்லையோ. கொடுத்த பிறகு அது என்னுடையது இல்லை. இவளுடையது. வழியில் பறிகொடுத்தவள் இவள், நான் இல்லை. அந்த நினைப்பு அவருடைய கோபத்தைத் தணிக்கவில்லை, வேறு பக்கமாகத் திருப்பிவிட்டது. அது வரைக்கும் நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது கை கால்களுக்கு இறங்கியது. பேனாவை மூடிப் பையில் வைத்தார். முப்பிடாதிக்குப் பக்கத்தில், குழியின் விளிம்பில், ரோட்டிலேயே உட்கார்ந்தார். தார் சுட்டது. சுடட்டும். “கையெழுத்துப் போட மாட்டனுங்க தம்பி” என்றார் பொறியாளரிடம். “நாங் கட்டுனதுல இருந்து எடுத்துட்டு வாங்க.” அவள் அவரைப் பார்க்கவில்லை, குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் கால் நீட்ட இடம் விட்டாள்.

பொறியாளர் தெருமுனைக்குப் போய்ப் போனில் பேசினான். பேசப் பேச அவன் கை ஆடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துப் பஸ் வந்து வண்டிக்குப் பின்னால் நின்று ஹார்ன் அடித்தது. காற்றாலைக் கம்பெனி மேலே யாருக்கோ போன் போட்டதாகவும், மேலே இருக்கிறவர் அதற்கும் மேலே போட்டதாகவும் இசக்கிராஜ் வந்து காதோடு சொன்னார். றெக்கை நகர வேண்டுமாம். முப்பிடாதியின் மேலத் தெரு ஒரு வருஷமாகத் தவித்ததற்கு அடிக்காத மணி, றெக்கை ஒரு பகல் நின்றதற்கு எல்லா மேசையிலும் அடிக்கிறது. பொறியாளர் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “கிடைச்சிருச்சு சார். பராமரிப்புல, இதரச் செலவுன்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க.” இதர. செங்கோடன் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். அப்படியென்றால் இருந்திருக்கிறது. போன வருஷமும் இருந்திருக்கிறது, அந்த மதினி குடத்தோடு விழுந்த அன்றைக்கும் இருந்திருக்கிறது, ஏதோ ஒரு பக்கத்தின் கடைசியில், யாரும் கையை வைக்காமல். ஃபிட்டர் ஒருவர் பைக்கில் குழாயைக் கட்டிக்கொண்டு வந்தார். தோண்டினார், உடைந்ததை அறுத்து எடுத்தார், புதுத் துண்டைப் பசை தடவிச் சொருகினார், மண்ணைத் தள்ளினார். அவ்வளவுதான். ஒரு உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற செங்கோடனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, சந்தோஷத்தில் இல்லை, இதுக்கா, இந்த முழங்கை நீளத்துக்கா, என்று. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. எதிரே நின்றது ஃபிட்டர்தான். அவர் கை நிறையச் சேறு.

வண்டியை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எஸ்.ஐ. மறக்காமல் வந்து, அனுமதி நேரம் தாண்டி ஊருக்குள் வண்டி நின்றதற்கு அபராதம் எழுதி, கிழித்துக் கொடுத்தார். செங்கோடன் வாதாடவில்லை. கட்டினார். ஊருக்கு வெளியே இருக்கிற களத்துமேட்டில் நிறுத்திக்கொள்ள விட்டார்கள். ஆனால் அதற்கும் இந்தக் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும், இப்போதுதான் மூடிய குழி, பசை காய்ந்ததோ இல்லையோ. டிரெய்லரில் வைத்திருந்த இரும்புத் தகடுகளை எடுத்து மேலே பரப்பினார்கள். ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். “தாங்கும். தாங்கணும்.” இருசப்பன் எஞ்சினைக் கிளப்பினான். செங்கோடன் முன்னால் நடக்கவில்லை. தகட்டின் ஓரத்தில் குத்தவைத்து, காதைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டார். புல்லரின் சக்கரம் ஏறியது, தகடு கிரீச்சிட்டது. உடைத்துவிடாதே. என் வண்டியே, நீ உடைத்துவிடாதே. முழுப் பகலும் சேர்த்து வைத்த கோபமெல்லாம் எங்கோ போய், டொப் என்ற ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும் மிஞ்சியது, அந்தச் சத்தம் கேட்டால் அவரும் உடைத்தவர்களில் ஒருவராகிவிடுவார், போன வருஷத்து வண்டிக்காரன் ஆகிவிடுவார், அப்புறம் எவனிடமும் எதுவும் கேட்க வாய் இருக்காது. ஒரு அச்சு. அடுத்த அச்சு. தலைக்கு மேலே றெக்கை வெள்ளையாக, முடிவில்லாமல், போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சக்கரம் தகட்டைவிட்டு இறங்கியபோது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். மேலத் தெருவிலிருந்து யாரோ கூவினார்கள். முப்பிடாதி குடத்தோடு ஓடினாள்.

களத்துமேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் திரும்பி நடந்து வந்தார், தகடுகளை எடுப்பதற்கு என்று இருசப்பனிடம் சொல்லிவிட்டு. தெருக்குழாயடியில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். தண்ணீர் முதலில் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்து, விளக்கு வெளிச்சத்தில் விழுந்துகொண்டிருந்தது. முப்பிடாதி அவரைக் கண்டு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். நன்றி, சிரிப்பு, எதுவும் இல்லை அவள் முகத்தில். “ஒரு காத்தாடிக்கு மூணு றெக்கைலா?” என்றாள்.

“ஆமாங்க.”

“மிச்சம் ரெண்டு?”

“நாளைக்கு ஒண்ணு வருமுங்க. அதுக்கு மறுநாள் ஒண்ணு.”

அவள் தகட்டையும், தகட்டுக்கு அடியிலிருந்த ஈர மண்ணையும் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“வரட்டும்” என்றாள். “நான் இங்கனதான் இருப்பேன். நீரும் வாரும். சாப்புட்டுட்டு வாரும்.”

செங்கோடன் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, தகடுகளில் ஒன்றைக்கூட எடுக்காமல், மண் ஒதுங்கியிருந்த ஓரங்களைக் காலால் மிதித்து இறுக்கத் தொடங்கினார்.